பழைய பத்மினியைக் குறைந்த செலவில் தாழ்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பத்மினி கார் முன்னும் பின்னும் ஒன்றரை அங்குலம் இறங்கி நிற்கிறது. பெட்ரோல் பங்கு, டீக்கடை, கல்யாண மண்டபத்து வாசல் என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன். ஃபியட் 1100 டிலைட், பிரீமியர் பிரசிடென்ட், பிரீமியர் பத்மினி மூன்றுக்கும் அடிப்பாகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ‘பத்மினி’ என்று சொல்வதை மூன்றுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசிடர்காரர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

1. “சஸ்பென்ஷன் இறக்குறதுன்னா எதைண்ணே இறக்குறது?”

சக்கரம் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாடிதான் கீழே வருகிறது. பாடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஆகவே ஸ்பிரிங்கைக் குட்டையாக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் வந்து உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும்.

பத்மினியில் முன்னால் ஒரு பக்கத்துக்கு மேலும் கீழுமாக, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் இரண்டு கைகள், இடையில் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் கம்பி. பின்னால் ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் கமான் பட்டை, அதாவது வில்லாக வளைத்து அடுக்கிய எஃகுப் பட்டைகள். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு பட்டறை. ‘நாலு ஸ்பிரிங்கையும் இறக்கிக் கொடுத்துடுங்க’ என்று ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அதிகம் செலவாகிறது.

2. “இறக்கினா வண்டி நல்லா ஓடுமா, இல்ல பார்க்க மட்டும்தானா?”

பார்க்கத்தான். வளைவில் சாய்வது கொஞ்சம் குறையும், அவ்வளவே. 1089 சிசி, நாற்பது குதிரைச் சக்தி. எத்தனை அங்குலம் இறக்கினாலும் அது பந்தயக் கார் ஆகாது. ஆனால் அந்த வட்ட ஹெட்லைட்டும் பின்பக்க வாலும் நிலத்தோடு ஒட்டி நிற்கும்போது ஓர் அழகு வரும், அது பிடித்தால் செய்யுங்கள்.

3. “எவ்வளவு இறக்கலாம்? மூணு அங்குலம் போகலாமா?”

தினமும் ஓட்டுகிற காருக்கு ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் செலவு இரட்டிப்பாகும். ஷாக் அப்சார்பர், ரப்பர் ஸ்டாப்பர் (சக்கரம் மேலே வந்து பாடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), சைலன்சர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

ஆனால் இறக்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும். வீல் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது வருஷத்துக் காரில் நாலும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஓட்டுநர் பக்கம் அமுங்கியிருக்கும், டிக்கியில் மூட்டை சுமந்த வண்டியாக இருந்தால் பின்பக்கம் தொங்கியிருக்கும். சில வண்டிகள் யாரும் தொடாமலே முக்கால் அங்குலம் இறங்கி நிற்கின்றன. அதிலிருந்து இன்னும் ஒன்றரை அங்குலம் இறக்கினால் இறக்கியது ஒன்றரை அல்ல, இரண்டேகால்.

4. “கையில காசு கம்மி. முதல்ல எதுக்குச் செலவு பண்றது?”

புஷ்ஷுக்கு, அதாவது ஆடும் பாகங்கள் சேரும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்களுக்கு. ஏமாற்றமாகத்தான் இருக்கும். முன் கைகளின் புஷ், கமான் பட்டையின் இரண்டு முனைப் புஷ், ஷாக்கிள் (கமானின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் ஊசலாடும் இணைப்பு) புஷ், ஸ்டீரிங் ராடு நுனிகள் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும் வண்டியை இறக்கினால் அந்த ஆட்டம் முழுவதும் ஸ்டீரிங்கில் தெரியும். பழி இறக்கியதன் மேல் விழும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர், அதற்கடுத்தது அலைன்மென்ட், அதாவது முன் சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிசெய்வது. இறக்கும் வேலை கடைசி. உண்மையில் மொத்தச் செலவில் அதுதான் சிறு பங்கு. பழைய பாகங்களுக்குச் சென்னையில் என்றால் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் புஷ்ஷை மட்டும் பழையதில் தேடாதீர்கள். ரப்பர் வாங்குகிற இடம் அது இல்லை.

5. “எதையும் வெட்டாம, கழட்டாம இறக்க வழி இருக்கா?”

ஒரு வழி இருக்கிறது. டயர். உதாரணமாக 155/80 ஆர்14 (அகலம் 155 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், வீல் 14 அங்குலம்) டயரின் மொத்த விட்டம் சுமார் 604 மி.மீ. அதே வீலில் 165/65 ஆர்14 போட்டால் 570 மி.மீ. விட்டத்தில் குறைந்தது 34, அதில் பாதி கார் கீழே வரும்: 17 மி.மீ., முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த டயருக்கும் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, வீல் விட்டத்தைக் கூட்டுங்கள். 14 அங்குலம் என்பது 355.6 மி.மீ.

இதில் இரண்டு விஷயம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 57 கூடப் போயிருக்க மாட்டீர்கள். அப்புறம், டயர் சிறிதானால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி கூடும். கார் தாழ்ந்திருக்கும், ஆனால் தாழ்ந்ததுபோலத் தெரியாது. பலருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

6. “முன் ஸ்பிரிங்கை வெட்டலாமா? வெட்டவே கூடாதுங்கறாங்க, சிலர் வெட்டி வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. எது சரி?”

இரண்டு பேருமே பாதி சரி. காயில் ஸ்பிரிங்கைச் சூடேறாமல், அளவாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினால் அது ஸ்பிரிங்காகவே இருக்கும். சுற்று குறையும்போது ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாகும். வேலை செய்யும் சுற்று எட்டு இருந்து ஒன்றை எடுத்தால் ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம். இது நல்லதுதான். மேலும் கீழும் ஆட இடம் குறைந்த காருக்கு அந்தக் கடினம் வேண்டும்.

கெடுவது அளவில். ஸ்பிரிங் நிற்பது சக்கரத்துக்கு நேராக அல்ல, கீழ்க் கையின் நடுவாக்கில். கை திரும்பும் ஆணியிலிருந்து ஸ்பிரிங் நடு வரை ஓர் அளவு, அதே ஆணியிலிருந்து சக்கரம் வரை ஓர் அளவு எடுங்கள். இரண்டாவது முதலாவதைப் போல இரு மடங்கு என்றால், ஸ்பிரிங் 15 மி.மீ. குட்டையாகும்போது கார் 30 மி.மீ. இறங்கும். இது தெரியாமல் ‘ஒன்றரை அங்குலம் இறக்கணும், ஒன்றரை அங்குலம் வெட்டு’ என்று வெட்டியவர்களின் வண்டியைத்தான் நீங்கள் ரப்பர் ஸ்டாப்பரில் உட்கார்ந்து தடக் தடக்கென்று போகப் பார்த்திருப்பீர்கள். அரைச் சுற்று வெட்டி, மாட்டி, இரண்டு நாள் ஓட்டி, மூன்றாம் கேள்வியில் சொன்ன அளவை மறுபடி எடுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. வெட்டியதை ஒட்ட முடியாது.

ஸ்பிரிங்கின் நுனியையும் பாருங்கள். கம்பி சும்மா முடிந்திருந்தால் அந்தப் பக்கம் வெட்டலாம். தட்டையாகத் தேய்த்து உட்கார வைத்த நுனி என்றால் அதைத் தொடாதீர்கள். கடைசியாக ஒரு சோதனை: வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். கையால் அசைத்தால் சுற்றுகிறது என்றால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது இடம் மாறிவிடும்.

7. “எங்க மெக்கானிக் கேஸ் வெச்சு சூடு காட்டினாலே ஸ்பிரிங் உட்கார்ந்துடும், கழட்டவே வேணாம்ங்கறாரு”

உட்காரும். எழுந்திருக்காது. என் முதல் வண்டியில் எனக்கே நடந்தது. ஒரு பட்டறையில் கேஸ் பைப்பை நீட்டி இரண்டு சுற்றைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினார்கள். என் கண் முன்னாலேயே கார் மெதுவாக, யானை படுப்பதுபோல, ஓர் அங்குலம் இறங்கியது. பத்து நிமிஷ வேலை, எனக்கு வாயெல்லாம் பல். இரண்டு மாதத்தில் இடது பக்கம் மட்டும் இன்னும் ஓர் அங்குலம் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் சூடு பட்ட இரண்டு சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஸ்பிரிங் எஃகைப் பதம் பார்த்து ஆறவைத்திருப்பார்கள். சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் போய் வெறும் கம்பியாகிவிடும். அதனால்தான் கேஸ் கட்டிங் கூடாது, மெல்லிய கட்டிங் வீல் போட்ட கிரைண்டர்தான் என்கிறேன். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, விட்டு விட்டு வெட்டுங்கள். காயிலைக் கிளாம்ப் போட்டுக் கட்டி இறக்குவதும் உண்டு. அதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

8. “முன் ஸ்பிரிங்கை வீட்டு வாசல்லயே கழட்டலாமா?”

முதல் தடவை என்றால், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். பத்மினி சுமார் 900 கிலோ. முன் சக்கரம் ஒவ்வொன்றும் 220 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆறாம் கேள்வியில் சொன்ன நெம்புகோல் கணக்கால் ஸ்பிரிங் தாங்குவது ஏறக்குறைய அதன் இரு மடங்கு. அந்த அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்க் கைக்கு அடியில் டிராலி ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியை விட்டுச் சட்டத்தோடு கட்டிவிட்டு, அப்புறம் ஜாக்கியை இம்மி இம்மியாக இறக்க வேண்டும். முகம் எப்போதும் ஸ்பிரிங்குக்கு நேரே இருக்கக் கூடாது. செங்கல் அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துகிற வழக்கத்தை இந்த வேலைக்காவது விட்டுவிடுங்கள்.

9. “பின்னாடி எப்படி இறக்குறது? கமானை என்ன பண்ணணும்?”

பின்பக்கம் சுலபம். கமானைத் தொடவே வேண்டாம். அச்சு கமானுக்கு மேலே உட்கார்ந்து, யூ போல்ட்டால் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால் அச்சு மேலே போகும், அதாவது பாடி கீழே வரும். 38 மி.மீ. கட்டைக்குச் சரியாக 38 மி.மீ. இறங்கும். ஆறாம் கேள்வியின் தலைவலி இங்கே கிடையாது. (கமான் அச்சுக்கு மேலே இருக்கும் வண்டிகளில் இதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும்.)

லேத் பட்டறையில் சொல்ல வேண்டியது இதுதான்: மைல்ட் ஸ்டீல், கமான் அகலத்துக்குச் சமமான அகலம், மேலும் கீழும் மட்டமாக. கமானின் சென்டர் போல்ட் தலை போய் உட்கார அடியில் ஒரு குழி, மேலே அதே அளவில் ஒரு முளை. அந்த முளை அச்சின் மேடையில் உள்ள துளையில் உட்காரும். முளையும் குழியும் இல்லாமல் வெறும் சதுரக் கட்டையை வைத்தால் ஒரு பிரேக்கில் அச்சு முன்னே பின்னே நகர்ந்துவிடும். மரக்கட்டை வைத்த வண்டியும் பார்த்திருக்கிறேன். மழையில் ஊறிக் கோடையில் சுருங்கி, யூ போல்ட் தளர்ந்து கிடந்தது.

யூ போல்ட் கட்டையின் உயரத்துக்கு நீளமாக வேண்டும், கமான் பட்டறையிலேயே அடித்துத் தருவார்கள். பழையதில் துண்டு வைத்து வெல்டு செய்யக் கூடாது. மாட்டி நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும். பின் பிரேக் ஹோஸ் எங்கும் உரசவில்லை, சைலன்சர் பைப் அச்சில் இடிக்கவில்லை என்றும் பாருங்கள். ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டை அடுக்க வேண்டாம். கட்டை உயர உயர, பிரேக் பிடிக்கும்போது அச்சு கமானை முறுக்கும் விசை கூடும்.

10. “கட்டைக்கு எதுக்குக் காசு? கமான்ல ஒரு பட்டையை உருவிட்டா இறங்கிடுமே?”

இறங்கும், கூடவே பலமும் போகும். முன்பக்கம் சுற்றை வெட்டினால் ஸ்பிரிங் கடினமாகிறது. பின்பக்கம் பட்டையை உருவினால் ஸ்பிரிங் இளகுகிறது. இரண்டையும் ஒரே வண்டியில் செய்தால் முன்னால் கல், பின்னால் தொட்டில். நாலு பேர் ஏறி, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் வைத்தால் பின்பக்கம் ஸ்டாப்பரில் போய் உட்காரும்.

கமான் பட்டறையில் வளைவைக் குறைத்துத் தட்டித் தருவதும் உண்டு. நல்ல கைக்காரர் கிடைத்தால் கட்டையைவிட அதுவே சிறந்தது. ஆனால் வளைவு குறையும்போது கமான் நீளும், பின்முனையில் உள்ள ஷாக்கிள் பின்னால் சாயும். முழுச் சுமையிலும் ஷாக்கிள் பாடியில் போய் முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

11. “ஷாக் அப்சார்பர் மாத்தணுமா?”

ஒன்றரை அங்குலத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம், ஆனால் நம்பாமல் சோதியுங்கள். குழந்தைகள் விளையாடும் கிளேயை எலுமிச்சம்பழ அளவு உருட்டி, நாலு ரப்பர் ஸ்டாப்பர் மேலும் ஒட்டுங்கள். வழக்கமாகப் போகும் மோசமான ரோட்டில் வழக்கமான ஆட்களோடு ஒரு சுற்று போய்வந்து பாருங்கள். கிளே விரல் கனத்துக்கு மிஞ்சியிருந்தால் நல்லது. அப்பளமாகியிருந்தால் இடம் போதவில்லை. ஸ்டாப்பரை வெட்டி இடம் உண்டாக்க நினைக்காதீர்கள். ஷாக் அப்சார்பர் உள்ளே முட்டி உடையாமல் காப்பதே அந்த ரப்பர்தான்.

12. “அலைன்மென்ட் எப்ப பண்ணணும்? எல்லாம் மாட்டியும் வண்டி இறங்காம நிக்குதே?”

இந்த இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்த கேள்விகள், விடையும் தொடர்புள்ளது. புதுப் புஷ் போட்டு, சக்கரம் தொங்கும்போதே நட்டை முழுதாக இறுக்கிவிட்டார் அவர். ரப்பர் புஷ் இறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், கொஞ்ச நாளில் கிழியும். நட்டைக் கையால் மட்டும் ஏற்றி, சக்கரம் தரையில் நின்று, நாலு தடவை பானட்டை அமுக்கி விட்ட பிறகே இறுக்க வேண்டும்.

இறக்கியதும் முன் சக்கரங்களின் மேல்விளிம்பு கொஞ்சம் உள்ளே சாயும், முன்நோக்கிய திசையும் மாறும். சாய்வைவிடத் திசை மாறுவதுதான் டயரைத் தின்னும். நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் நிலைத்த பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். அதுவரை மெதுவாக. ஹெட்லைட் உயரத்தையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

13. “நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்காதா?”

இந்திய சாலைக் காங்கிரஸ் விதியில் உள்ள வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்தது. பத்மினியின் முன் பின் சக்கர இடைவெளி 2.34 மீட்டர். அதாவது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். கணக்குப் போட்டால் மேடு வண்டியின் வயிற்றை நோக்கி எழுவது வெறும் 4 செ.மீ. இறக்கிய வண்டி சிரித்துக்கொண்டே போகும்.

ஆனால் அந்த மாதிரித் தடையை உங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? நம்மிடம் இருப்பது ஒரு முழம் அகலத்தில், ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட்டைக் கொட்டிய மேடு. அது சக்கரங்களுக்கு நடுவே வரும்போது அதன் முழு உயரமும் வயிற்றை நோக்கி வரும். தினமும் போகும் வழியில் உள்ளவற்றில் மோசமானதன் உயரத்தை அளந்துவிட்டு, உங்கள் வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தையும் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஒன்றரையோடு நின்றதற்குக் காரணம் எங்கள் தெருமுனை ரேஷன் கடை வாசல் மேடு.

14. “என்கிட்ட இருக்கறது அம்பாசிடர். இதெல்லாம் பொருந்துமா?”

பின்பக்கம் அப்படியே பொருந்தும், ஒன்பதும் பத்தும் படியுங்கள். முன்பக்கம் காயில் கிடையாது, டார்ஷன் பார். நீளமான ஓர் எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. அதனால் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. பல் வெட்டிய கம்பி முனையைக் கழற்றி ஒரு பல் நகர்த்தி மாட்டினால் உயரம் மாறும், கூலியைத் தவிரச் செலவே இல்லை.

கழற்றும் முன் பெயிண்ட்டால் அடையாளம் வையுங்கள். இடது கம்பியை வலதில் மாட்டாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கிப் பழகியது. கம்பியைச் சுத்தியலால் நேராக அடிப்பதோ குறடு போட்டுப் பிடிப்பதோ கூடாது. மேற்பரப்பில் விழும் சிறு கீறலிலிருந்தே அது விரிசல் விட ஆரம்பிக்கும்.

15. “ஆர்.டி.ஓ. பிடிக்க மாட்டாங்களா?”

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே பொருள்கொண்டது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆர்.சி.யில் வண்டியின் உயரம் எழுதியிருக்காது என்பதால் ‘இது மாற்றமே இல்லை’ என்று வாதிடுவோர் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது அந்த வாதத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஐம்பது வருஷம் தாண்டிய காரை 2021 விதிப்படி வின்டேஜ் வண்டியாகப் பதிவுசெய்யும் எண்ணம் இருந்தால், அது அசல் நிலையில் இருக்க வேண்டும். அப்படியானால் முன் ஸ்பிரிங்கை வெட்டாமல், வெட்டுவதற்கென்று பழைய ஜோடி ஒன்றை வாங்குங்கள். அசலை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். பின் கட்டை எப்போது வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும்.

16. “எல்லாம் சரியா செஞ்சும் ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குது. எந்த ஸ்பிரிங்ல கோளாறு?”

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முன் இடது தாழ்ந்து நிற்பதற்குப் பின் கமான் காரணமாக இருக்கலாம். மட்டமான தரையில் நிறுத்தி, முன் இரண்டு பக்கமும் மட்கார்டு உயரத்தை அளங்கள். பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும் அளவுக்குத் தூக்குங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டாயம் அடை வையுங்கள், யாரும் அடியில் போக வேண்டாம். இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, இடமும் வலமும் சாய்க்க அதற்குப் பலமில்லை.

முன்பக்கத்தை மறுபடி அளங்கள். சாய்வு காணாமல் போயிருந்தால் குற்றவாளி பின் கமான். அப்படியே இருந்தால் கோளாறு முன்பக்கம். முன்பக்கம்தான் என்றால் ஸ்பிரிங்கை இடது வலதாக மாற்றிப் போட்டு ஒரு தடவை பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங், மாறாவிட்டால் புஷ். புஷ் என்றால் பன்னிரண்டாம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள், பத்தில் ஏழு பேர் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.